பெயர்ப் பட்டியல் போதுமா?



சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் நள்ளிரவில் நெஞ்சு வலி வந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து இருக்கிறார்கள். அவருடைய மனைவிக்கு இவ்வூர் மொழி கடைக்குப் போய் வரும் அளவுக்குத்தான் தெரியும். மூன்று நாட்கள் அந்த அம்மையார் மருந்துச் சீட்டும் கையுமாக மாடிக்கும் கீழுக்கும் தனியாக அலைந்திருக்கிறார். நான்காம் நாள், அவர்கள் வீட்டுக்குப் பால் போடும் பையன் சொல்லித்தான் நமக்கு விஷயம் தெரிந்தது. இறைவன் அருளால் அவர் தேறி வீடு திரும்பிவிட்டார்.

அடுத்து நடந்த செயற்குழுவில் ஒருவர், "அவர் பெயர் நம் பட்டியலில் இருக்கிறதே! பதினான்கு வருஷமாகச் சந்தா பாக்கி இல்லாமல் கட்டுகிறாரே!" என்று ஆதங்கப்பட்டார். உண்மைதான். பெயர் இருந்தது, வீட்டு விலாசம் இருந்தது, தொலைபேசி எண்ணும் இருந்தது. அந்த வீட்டில் ஒரு சங்கடம் என்றால் யார் யாருக்குச் சொல்வார்கள் என்பது மட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த அம்மையாரின் பெயரோ பட்டியலில் அறவே இல்லை. குடும்பத் தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் 'மற்றும் குடும்பத்தார்' என்று போட்டிருந்தோம்.

அன்றிலிருந்து என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணத்தை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். ஊரை விட்டு வந்து வாழும் நம்மைப் போன்றவர்களின் சங்கத்துக்குப் பெயர்ப் பட்டியல் மட்டும் போதாது. யார் யாரோடு தொடர்பு கொண்டிருக்கிறார்கள் என்ற வரைபடமும் வேண்டும்.

புள்ளியும் கோடும்

இப்படி வரைந்து பார்ப்பதற்குச் சமூகவியலில் 'சமூக வலைப்பின்னல் ஆய்வு' என்று பெயர். இதைக் கேட்டதும் முகநூலும் வாட்ஸ்அப்பும் நினைவுக்கு வரும். அவையெல்லாம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வந்த முறை இது. மனிதர்களைப் புள்ளிகளாகவும், அவர்களுக்கிடையே உள்ள உறவு, உதவி, கடன், கூட்டு வேலை ஆகியவற்றைக் கோடுகளாகவும் வரைந்துகொண்டு, அந்தப் படம் என்ன சொல்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் முறை.

1932-இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் என்ற ஊரில், பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டே வாரங்களில் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். ஜேக்கப் மொரீனோ என்ற மனநல மருத்துவர், யாருக்கு யாரோடு பழக்கம், யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டு வரைபடம் போட்டார். அந்தப் பெண்களின் தனிப்பட்ட குணத்தை விட, படத்தில் அவர்கள் யாரோடு யார் இணைந்திருந்தார்கள் என்பதே அந்த ஓட்டத்துக்கு விளக்கம் தந்தது என்றார். 1954-இல் ஜான் பார்ன்ஸ் என்ற மானிடவியலாளர், நார்வே நாட்டின் பிரெம்னெஸ் என்ற தீவுப் பகுதியைப் பற்றி எழுதும்போது 'சமூக வலைப்பின்னல்' என்ற தொடரை ஆய்வுச் சொல்லாகவே பயன்படுத்தினார். வசிக்கும் இடம் ஒரு வகையில் மனிதர்களைச் சேர்க்கிறது, மீன்பிடித் தொழில் வேறொரு வகையில் சேர்க்கிறது, உறவும் நட்பும் இவை இரண்டையும் தாண்டி எல்லையில்லாமல் பின்னிக்கொண்டு போகின்றன என்று அவர் கண்டார்.

நான் சமூகவியல் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து தண்டவாளமும் பாலமும் பார்த்தே காலம் கழித்தவன். ஆனாலும் இந்தப் படம் எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. நிலையம் புள்ளி, தண்டவாளம் கோடு; அவ்வளவுதான். 2003-இல் கொல்கத்தாவைச் சேர்ந்த இயற்பியல் அறிஞர்கள் நம் இந்திய ரயில்வேயையே இப்படி ஒரு வலைப்பின்னலாக ஆராய்ந்தார்கள். நாடு இவ்வளவு பெரிதாக இருந்தும், எந்த இரண்டு நிலையங்களை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் ஓரிரு முறை வண்டி மாறினாலே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தெரிந்தது. எல்லா நிலையத்துக்கும் எல்லா நிலையத்திலிருந்தும் வண்டி விட்டதனால் வந்த வசதி அன்று இது. சில ஜங்ஷன்கள் செய்யும் வேலை.

ரயில்வேக்காரனுக்கு இதன் மறுபக்கமும் தெரியும். ஜங்ஷன் படுத்தால் சுற்றுவட்டாரமே படுத்துவிடும். மாற்றுப் பாதை இல்லாத ஒற்றைப் பாலம் இருந்தால், மழைக்காலத்தில் அதன் மேற்பார்வையாளனுக்குத் தூக்கம் வராது.

மறையூர் சொல்லும் பாடம்

என் தங்கையை மறையூரில் கொடுத்திருக்கிறோம். மைத்துனர் கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்தார். உடுமலைப்பேட்டையிலிருந்து ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டி, சின்னாறு காட்டு வழியே மலையேறினால் மறையூர். அங்கிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் போனால் மூணாறு. இடுக்கி மாவட்டம், கேரள மாநிலம். ஆனால் கடைவீதியில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். முன்னோர்கள் மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மலைக்குடிகளில் முதுவர்கள் இருக்கிறார்கள். சந்தனக்காடு அரசின் காவலில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் கரும்பும், காந்தளூர், வட்டவடைப் பக்கம் பூண்டும் காய்கறியும் விளைகின்றன.

1956 நவம்பர் 1-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தோடு நின்றது. எல்லைக்கோடு ஒரே நாளில் வந்தது. பெண் கொடுத்து எடுத்த கோடுகளும், சந்தைக்குப் போய்வந்த கோடுகளும், குலதெய்வத்துக்கு நடந்த கோடுகளும் அந்த ஒரே நாளில் அறுந்துவிடவில்லை. அரசாங்கத்தின் படம் வேறு, மக்களின் படம் வேறு என்பதை நான் முதலில் அங்கேதான் கண்டேன்.

மைத்துனரின் கடையில் உட்கார்ந்திருந்தால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வெல்ல ஆலைக்காரர் வருவார், கரும்பு வெட்டும் கூலியாட்கள் வருவார்கள், குடியிலிருந்து முதுவர்கள் வருவார்கள், வனத்துறைக் காவலரும் லாரி ஓட்டுநரும் வருவார்கள். இவர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. ஆனால் எல்லாருடைய செய்தியும் அந்தக் கடைப் பலகையைத் தொட்டுவிட்டுத்தான் மறுபக்கம் போகும். ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் போகும் பாதைகளில் எத்தனை பாதைகள் ஓர் ஆளின் வழியாகப் போகின்றன என்று எண்ணி அளக்கும் முறையை லிண்டன் ஃப்ரீமன் என்ற அறிஞர் 1977-இல் வகுத்துத் தந்தார். பதவியும் பணமும் இல்லாத ஒருவருக்கு அந்த அளவீட்டில் முதலிடம் கிடைக்கக்கூடும். என் மைத்துனர் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஆனால் அவர் படுத்துக் கடை மூடியிருந்த ஒரு மாதம், யாருக்கு எங்கே வேலை இருக்கிறது என்று தெரியாமல் பலர் தடுமாறினார்கள் என்று தங்கை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மறையூர் வெல்லத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் உருட்டிய அந்த உருண்டைக்கு நல்ல பெயர் உண்டு. பெயர் இருந்ததால் போலியும் வந்தது. வேறிடத்து வெல்லத்தை மறையூர் வெல்லம் என்று விற்றார்கள். பக்கத்துப் பக்கத்து ஆலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு நன்றாக அறிந்திருந்தாலும் அதைத் தடுக்க முடியவில்லை. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, கேரள வேளாண் பல்கலைக்கழகம் கைகொடுத்து, 2019 மார்ச்சில் புவிசார் குறியீடு கிடைத்த பிறகுதான் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. பள்ளத்தாக்குக்குள் ஆயிரம் கோடுகள் இருக்கலாம். பள்ளத்தாக்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஓடிய சில கோடுகள்தாம் காரியத்தை முடித்தன. 2022 டிசம்பரில் காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கும் அந்தக் குறியீடு கிடைத்தது.

தூரத்துப் பழக்கத்தின் பலம்

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள்?" என்று விசாரித்து எழுதினார். அடிக்கடி பார்த்தவர் என்று சொன்னவர்கள் நூற்றுக்குப் 17 பேர்தான். எப்போதாவது பார்ப்பவர் என்றவர்கள் 56 பேர், அபூர்வமாகப் பார்ப்பவர் என்றவர்கள் 28 பேர். காரணம் எளியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் முன்பே தெரிந்திருக்கும். புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்தின் வழியாகத்தான் வரும்.

இந்த ஊருக்கு முதன்முதலில் எப்படி வந்தீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். சொந்த அண்ணன் கூப்பிட்டு வந்தவர்கள் சிலர். 'எங்கள் ஊர்க்காரரின் மச்சினன் இங்கே இருந்தார், அவர் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொன்னார்' என்று வந்தவர்கள் எத்தனை பேர்!

நம் நாட்டிலும் இதை அளந்திருக்கிறார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்ளோ ஆகியோரும் அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் ஆகியோரும் சேர்ந்து கர்நாடகத்தில் 75 கிராமங்களில், யார் யாரிடம் அரிசி மண்ணெண்ணெய் கைமாற்று வாங்குகிறார்கள், யாரோடு கோயிலுக்குப் போகிறார்கள், யாரிடம் யோசனை கேட்கிறார்கள் என்று விசாரித்துப் படம் போட்டார்கள். சிறுகடன் திட்டம் ஒன்று அவற்றில் 43 கிராமங்களுக்கு வந்தபோது, முதலில் செய்தி சொல்லப்பட்டவர்கள் அந்தப் படத்தின் நடுவில் இருந்தவர்களாயின் திட்டத்தில் சேர்ந்தவர்கள் அதிகம். 2013-இல் வெளியான முடிவு இது. 2019-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஊராரிடமே, 'ஒரு செய்தி நாலு பேருக்குப் போக வேண்டுமானால் யாரிடம் சொல்வீர்கள்?' என்று கேட்டால் போதும், சரியான ஆளைக் காட்டிவிடுகிறார்கள். மதிப்புக்குரிய பெரியவரிடம் சொன்ன செய்தியை விட, இப்படி ஊரார் காட்டிய ஆளிடம் சொன்ன செய்தி அதிகத் தூரம் போயிற்று.

தமிழ்நாட்டிலும் எலினார் பவர் என்ற மானிடவியலாளர் இரண்டு கிராமங்களில் இம்மாதிரி ஆய்வு செய்து 2017-இல் எழுதினார். கோயிலில் எல்லாரும் பார்க்க நேர்த்திக்கடன் செலுத்துபவர்களுக்கு ஊரில் கொடுக்கல் வாங்கல் உதவித் தொடர்புகள் கூடுதலாக இருப்பதைக் கண்டார். பால்குடம் எடுப்பவரும் பூமிதிப்பவரும் பக்தியை மட்டும் காட்டவில்லை, 'நான் சொன்ன சொல் காப்பவன்' என்று ஊருக்கும் காட்டுகிறார்கள் போலும். நம் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு அதிகாலையில் வந்து அடுப்பு மூட்டுபவர் யார், பாய் விரிப்பவர் யார் என்று பாருங்கள். அவரவர் வீட்டுக் கஷ்டத்துக்கு ஓடி வரும் கூட்டமும் பெரிதாகவே இருக்கும்.

ஒற்றைக் கோட்டின் ஆபத்து

மூணாற்று மலையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்றால் இளைஞர்கள் நம்ப மாட்டார்கள். 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் சிறு ரயிலாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுபோகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கிப் போடிநாயக்கனூர் போகும். 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. மறுபடி அமைக்கவில்லை. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்தது 1928-இல். அதற்குள் மலைமேல் இருந்த ரயில் போய்விட்டது. ஒரு கோடு அறுந்தால் வலையின் வடிவமே மாறிவிடும் என்பதற்கு இது ஒரு சான்று.

தண்டவாளம் போனால் பணத்தோடு போயிற்று. மனிதர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லக் கை நடுங்குகிறது. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், கயத்தாறுப் பக்கத்து உறவுக்காரக் குடும்பங்கள். தொலைபேசித் தொடர்பு அறுந்து கிடந்ததால் வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான். உறவினர்கள் ஒருவருக்கு ஒருவர் துணையாகப் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள்; அதனாலேயே சில குடும்பங்களில் பல தலைமுறையும் ஒன்றாகப் போயிற்று. வெளியே போகும் கோடோ ஒன்றே ஒன்று, அதுவும் அன்று இல்லை. மலைச்சரிவை எந்த வரைபடமும் நிறுத்தாது. ஆனால் ஆபத்து நேரத்தில் செய்தி போக இரண்டாவது வழி எது என்று முன்கூட்டியே கேட்க வைக்கும்.

நம் சங்கத்திலும் இதே நிலைதான். இருபது குடும்பங்களுக்கு எல்லாம் ஒரே செயலாளர் மூலமாகத்தான் தெரியும். அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டால் அந்த இருபது குடும்பமும் தனித்தீவு. அவரைக் குறை சொல்லவில்லை. ஒற்றைப் பாலத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றியது நம் குறை.

ஆட்சேபம் உண்டு

"உறவைப் போய் எண்ணிக்கொண்டிருப்பதா?" என்று என் இல்லத்தரசியே கேட்டாள். நியாயமான கேள்வி. கோட்டின் நீளத்தில் பாசத்தை அளக்க முடியாது. ஒரே ஒரு கோடு உள்ளவருக்கும் அந்த ஒன்று உயிரைக் கொடுக்கும் கோடாக இருக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. இப்படிப்பட்ட படம் ரகசியங்களைக் காட்டிக்கொடுக்கும். யார் யாரிடம் கடன் வாங்குகிறார் என்பது நாலு பேர் கையில் போனால் வம்புதான். கர்நாடகக் கிராமப் படங்களில் கோடுகள் பெரும்பாலும் அவரவர் சாதிக்குள்ளேயே ஓடுவது பளிச்சென்று தெரிகிறது. நம் படத்தை வரைந்தால் நமக்கும் என்ன தெரியுமோ! மாவட்டம், சம்பளம், சாதி என்று தனித்தனிக் கொத்துகளாகத்தான் தெரியும் என்று அஞ்சுகிறேன். இவ்வூரில் கட்டட வேலைக்கும் ரோட்டு வேலைக்கும் வந்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நமக்கும் இடையே ஒரு கோடாவது இருக்குமா? அந்த வெற்றிடத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கும். வெட்கப்படுவதும் நல்லதுதான். பாலத்தில் விரிசல் இருப்பதைக் காட்டும் பரிசோதகரைக் கோபித்துக்கொண்டால் வண்டி எப்படி ஓடும்?

என் யோசனை

கணிப்பொறி கூட வேண்டாம். ஒவ்வொரு வீட்டுக்கும் போய் மூன்றே கேள்விகள் கேட்கலாம். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள்? உங்களை அப்படி நம்பிக் கூப்பிடுபவர் யார்? கணவரிடம் தனியாக, மனைவியிடம் தனியாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் இருவர் சொல்வதும் வேறாகத்தான் இருக்கும். மறையூரில் மைத்துனருக்குக் கடைவீதி முழுதும் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தங்கைக்குத்தான் தெரியும்.

கடன், பணம் பற்றிக் கேட்க வேண்டாம். விருப்பமில்லாதவர் பதில் சொல்ல வேண்டாம். படம் மகளிர் அணியில் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். அச்சிடவோ வாட்ஸ்அப்பில் போடவோ கூடாது. அந்தப் படத்தைக் கொண்டு இரண்டே காரியம் செய்தால் போதும். ஒரு கோடும் இல்லாத வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு வீட்டாரை அறிமுகம் செய்து வைப்பது ஒன்று. எல்லாப் பாரமும் ஒருவர் மேல் விழும் இடத்தில் இன்னொருவரை நிறுத்துவது மற்றொன்று.

மருத்துவமனையில் தனியாக நின்ற அந்த அம்மையாரைப் போன வாரம் பார்த்தேன். "அன்றைக்கு ஏன் எங்களில் யாரையும் கூப்பிடவில்லை?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரையும் தெரியும். யாரைக் கூப்பிடலாம் என்றுதான் தெரியவில்லை."

அடுத்த பொதுக்குழுவில் இந்த யோசனையை முன்மொழிய இருக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து பேசுங்கள். வருவதற்கு முன், உங்கள் தெருவில் இருக்கும் ஒரு தமிழ் வீட்டின் கதவைத் தட்டி, 'எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு கோடாவது கூடியிருக்கும்.